கடல் கடந்த குடும்பங்களும் டிபென்டென்ட் விசாவும்: சில விளக்கங்கள், சில சிந்தனைகள்



ஆகஸ்ட் மாதம் பனிமய அன்னையின் திருவிழாவுக்கும், டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள். லீவு முடிந்ததும் வேலையில் இருப்பவர் விமானம் ஏறிவிடுகிறார். அவருடைய மனைவியோ கணவரோ பிரசவம், பெற்றோரின் நோய், வீடு கட்டும் வேலை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சில மாதங்கள் இங்கேயே தங்கிவிடுகிறார். குடும்பத்தில் யாரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் அவருடைய விசா முடிந்துபோகலாம். விசா முடியாவிட்டாலும், அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்த ஆண்டுகள் வீணாகலாம். பல குடும்பங்களுக்கு இது பின்னால்தான் தெரிய வருகிறது. ஆகவே இதைப்பற்றிச் சற்று விளக்கமாகச் சிந்திப்போம்.

நம் கரை முன்பே கண்ட துன்பம்

இது புதிய துன்பம் அல்ல. முத்துக்குளித்துறையின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வாழ்ந்தவர்கள். கணவர் கொழும்பில் வியாபாரம் செய்ய, மனைவி மக்கள் ஊரில் இருப்பதும், பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வந்து பிறகு அங்கே போவதும் சாதாரணமாக நடந்தன. இலங்கை விடுதலை அடைந்த பிறகு நிலைமை மாறியது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி அங்கே வாழ்ந்த இந்தியர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1-க்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் என்றால் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் அந்நாட்டில் குடியிருந்ததாகக் காட்ட வேண்டும்.

திருமணமான ஆண் விண்ணப்பித்தால் அவர் மட்டும் குடியிருந்தது போதாது. அவருடைய மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் தொடர்ந்து இலங்கையில் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி முறிந்துபோகும். கணவர் கடலுக்கு அப்பாலும் மனைவி இப்பாலும் வாழ்ந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு கடினம் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. அது நம் அன்னையின் திருவிழா நாள்! அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களே குடியுரிமை பெற்றனர். மற்றவர்களின் நிலை 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வரை இழுபட்டது.

நாடும் சட்டமும் இன்று வேறு. ஆனால் ஊருக்கு வந்து தங்கிய மாதங்களைச் சட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறது என்ற உண்மை மட்டும் மாறவில்லை.

டிபென்டென்ட் விசா என்பது என்ன?

ஒருவர் வேலைக்காக ஒரு நாட்டுக்குச் செல்லும்போது அவரைச் சார்ந்து கணவரோ மனைவியோ பிள்ளைகளோ தங்குவதற்குத் தரப்படும் அனுமதியே டிபென்டென்ட் விசா. வேலையில் இருப்பவரின் விசா என்று முடிகிறதோ, வழக்கமாக அன்றே இதுவும் முடியும். நம் பகுதியிலிருந்து நர்ஸாகச் சென்றிருக்கும் பெண்கள் உண்டு. அந்தக் குடும்பங்களில் மனைவிக்கு வேலை விசா, கணவருக்கு டிபென்டென்ட் விசா. ஆகவே இங்கே சொல்லப்படுபவை மனைவியருக்கு மட்டும் உரியவை அல்ல.

எல்லா நாட்டுச் சட்டமும் ஒன்றல்ல. பி.ஆர். என்று நாம் சொல்லும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும் நாடுகள் சில. கிடைக்காத நாடுகள் பல. முதலில் இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம்.

விசா வேறு, ஆண்டுக் கணக்கு வேறு

இங்கிலாந்தில் வேலை விசாவில் இருப்பவரும் அவருடைய துணைவரும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தபின் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. 2025 மே மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இதைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனவே, விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்று அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். ஆண்டுகள் எத்தனை ஆனாலும், "தொடர்ந்து வாழ்வது" என்றால் என்ன என்பதைத்தான் நாம் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பன்னிரண்டு மாதங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 180 நாள்களுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்திருக்கக் கூடாது. முன்பு இந்த வரம்பு வேலையில் இருப்பவருக்கு மட்டுமே இருந்தது. 2018 ஜனவரி 11-க்குப் பிறகு விசா பெற்ற துணைவருக்கும் இது பொருந்தும். புறப்படும் நாளும் திரும்பி வந்து சேரும் நாளும் கணக்கில் வராது. இடையில் உள்ள முழு நாள்களே எண்ணப்படும்.

இதை நம் ஊர் வழக்கத்தோடு பொருத்திப் பார்ப்போம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் மரபு. ஏழாம் மாதம் முடிந்ததும் பெண் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவம் வரை ஏறத்தாழ 65 நாள்கள். பிறகு குழந்தைக்கு ஞானஸ்நானம், தடுப்பூசிகள், பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து குழந்தைக்கு ஐந்து மாதம் நிறையும்போது திரும்புகிறார் என்றால் இன்னும் 150 நாள்கள். மொத்தம் 215 நாள்கள். வரம்பைவிட 35 நாள்கள் கூடுதல். அவர் அங்கே மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் தொடர்ச்சி முறிந்துவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய விசா செல்லுபடியாகும் நிலையிலேயே இருக்கும். விமான நிலையத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். வீட்டில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கணவரும் மனைவியும் சேர்ந்து பி.ஆர்.-க்கு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் கணவருடைய ஆண்டுகள் நிறைந்திருப்பதும் மனைவியுடையவை நிறையாததும் தெரியவரும்.

விதிவிலக்கே இல்லையா? உண்டு. விண்ணப்பிப்பவருக்கோ நெருங்கிய உறவினருக்கோ உயிருக்கு ஆபத்தான நோய், நெருங்கிய உறவினரின் மரணம், இயற்கைச் சீற்றம், போர், கொள்ளைநோய் ஆகியவற்றால் பயணம் தடைப்படுவது போன்ற காரணங்களைச் சான்றோடு காட்டினால் அந்த நாள்களைக் கழிக்கலாம். சாதாரணப் பிரசவம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மருத்துவச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் போன்றவற்றைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

ஊரில் இருக்கும்போது விசா முடிந்தால்

இங்கிலாந்துக்குள் இருந்துகொண்டு விசாவை நீட்டிப்பது ஒரு முறை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பது வேறு முறை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லைகள் மூன்று.

முதலாவது, உள்நாட்டில் நீட்டிப்பதற்கான விண்ணப்பத்தை அந்நாட்டுக்குள் இருப்பவர் மட்டுமே போட முடியும். இணையத்தில் நிரப்புவதுதானே என்று எண்ணித் தூத்துக்குடியில் இருந்துகொண்டு, அங்கே இருப்பதாகக் காட்டக் கூடாது. இங்கே இருப்பவர் புதிய நுழைவு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை, புகைப்படம் கொடுக்கச் சென்னையில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்குச் செல்லலாம். ஆறு மாதங்களுக்கு மேல் இங்கே தங்கிவிட்டவர் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ மையத்தில் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் பெற வேண்டும்.

இரண்டாவது, தேதி. பழைய விசா முடிவதற்கு முன்போ, முடிந்த 14 நாள்களுக்குள்ளோ விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டால் முந்தைய ஆண்டுகளின் தொடர்ச்சி காக்கப்படும். அப்போதும் வெளியே இருந்த நாள்கள் 180 நாள் வரம்புக்குள் அடங்க வேண்டும். அந்த 14 நாள்களையும் தவறவிட்டால், புதிய விசா கிடைத்தாலும் பழைய ஆண்டுகள் கணக்கில் வராது. "எப்படியும் புது விசா எடுக்கத்தானே போகிறோம், திருவிழா முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

மூன்றாவது, அங்கே இருந்து நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, முடிவு வருவதற்குள் ஊருக்குப் புறப்படுவது. அப்படிப் புறப்பட்டால் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். வீட்டில் துக்கம் என்று செய்தி வரும்போது யாருக்கும் இது நினைவுக்கு வராது. ஆகவேதான் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. கணவருக்குப் பி.ஆர். கிடைத்துவிடுகிறது, மனைவியின் ஆண்டுகள் நிறையவில்லை. மனைவியின் டிபென்டென்ட் விசா உயிரோடு இருக்குமானால் அதே வழியில் அதை நீட்டித்துத் தம் ஆண்டுகளை நிறைவு செய்ய வாய்ப்பு உண்டு. அது காலாவதியாகிவிட்டால் பெரும்பாலும் குடும்ப விசா என்னும் தனி வழியில்தான் வர வேண்டியிருக்கும். அந்த வழியில் கணவருக்குக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் அது ஆண்டுக்கு 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. டிபென்டென்டாக இருந்த ஆண்டுகள் இந்தப் புது வழியில் சேராது.

2024 மார்ச் 11-க்குப் பிறகு கேர் ஒர்க்கர் வேலை விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்துச் சென்றவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்று விதி வந்தது. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. இவ்வாறு சட்டத்தாலேயே பிரிந்து வாழும் தம்பதியரும் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களை நம் அன்பியங்கள் தேடிச் சென்று விசாரிக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில்

சவூதி, துபாய், குவைத், கத்தார் என்று செல்லும் நம் மக்களின் நிலை வேறு. சாதாரண வேலை விசாவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அதனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வந்துவிடாது. வேலை முடிந்தால் குடும்பத்தின் விசாவும் முடியும். ஆகவே அங்கே ஆண்டுக் கணக்கு பற்றிய கவலை இல்லை. விசாவைக் காத்துக்கொள்வதே கவலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வழக்கமான குடியிருப்பு விசா உள்ளவர் தொடர்ந்து 180 நாள்களுக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாமல் போகும். தகுந்த காரணம் காட்டி மறுநுழைவு அனுமதி கேட்கும் வழி இருந்தாலும், அதை நம்பி இருக்கக் கூடாது. சவூதியிலிருந்து வருபவர் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவின் தேதிக்குள் திரும்ப வேண்டும். குடும்பத்தினர் ஊரில் இருக்கும்போதே அந்தத் தேதியைக் கணவர் அங்கிருந்து இணையம் வழியாக நீட்டிக்கலாம். ஆனால் தேதி முடியுமுன் செய்ய வேண்டும். அங்கே 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் 2020-இல் 400 ரியாலாக உயர்ந்தது. பல குடும்பங்கள் ஊர் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

வளைகுடாவில் வாழும் குடும்பங்கள் ஊரில் ஒரு வீடும், பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு சேமிப்பும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது விவேகம். திரும்பி வருவது தோல்வி அல்ல.

பங்கு ஏட்டிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெயர்

நம் கரைக்கென்று தனியான ஒரு சிக்கல் பெயரில் உண்டு. பர்னாந்து என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாகவும், அவருடைய அண்ணன் வேறுவிதமாகவும் எழுதுகிறார். ஞானஸ்நான ஏட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இன்னொன்று. விசா விண்ணப்பத்தில் இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். திருமணத்துக்கு முன்பே இதைச் சரிசெய்வது நல்லது.

கோவில் திருமணச் சான்றோடு நின்றுவிடாமல், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்த சான்றிதழையும் வாங்கி வைக்க வேண்டும். குழந்தையின் பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஞானஸ்நானச் சான்று அதற்கு ஈடாகாது. ஊரில் பிறந்த குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட்டும் தனி டிபென்டென்ட் விசாவும் தேவை என்பதையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் இப்போது விசா மின்னணு வடிவில் இருப்பதால், ஊரில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணைத் தங்கள் இணையக் கணக்கில் சேர்த்த பிறகே பயணம் செய்ய வேண்டும்.

பொய்யும் கைவிடலும்

"கொஞ்சம் மாற்றிச் சொன்னால் கிடைத்துவிடும்" என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. வெளியே இருந்த நாள்களைக் குறைத்து எழுதுவதும், போலிச் சான்று வைப்பதும் இறைவனின் எட்டாம் கட்டளைக்கு எதிரானவை. சட்டப்படியும் ஆபத்தானவை. ஏமாற்றியதாகத் தெரிந்தால் இங்கிலாந்துக்குப் பத்து ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படலாம். அதுபோலவே விசாவுக்காக மட்டும் ஒரு திருமணத்தை நடத்துவது திருவருட்சாதனத்தை அவமதிப்பது. மனத்தில் திருமணத்தையே விலக்கிவிட்டு வாயால் மட்டும் சம்மதம் சொன்னால் அது திருமணமே ஆகாது என்று திருச்சபைச் சட்டம் (1101) சொல்கிறது.

இதைவிட வேதனையானது கைவிடுதல். மனைவியை ஊருக்கு அழைத்துவந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, விசாவை முடியவிட்டுத் தனியாகத் திரும்பிவிடுகிற கொடுமை நடக்கிறது. இங்கிலாந்துச் சட்டம் இதைக் குடும்ப வன்முறையாகவே பார்க்கிறது. அந்நாட்டுக் குடிமக்கள் அல்லது நிரந்தர உரிமை பெற்றவர்களின் துணைவர் இவ்வாறு கைவிடப்பட்டால், வெளிநாட்டில் இருந்தே விண்ணப்பிக்க 2024 ஜனவரி 31 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. அப்படிப்பட்ட மகள் நம் தெருவில் இருந்தால், "பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், பங்குத்தந்தையிடமும் தகுந்த வழக்கறிஞரிடமும் அழைத்துச் செல்வது நம் கடமை.

திருச்சபை நமக்குச் சொல்வது

திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரத்தில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரைச் சந்திக்கிறோம். கிளவுதியு பேரரசர் யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியபோது அவர்கள் கொரிந்துக்கு வந்து கூடாரம் செய்து பிழைத்தார்கள். பிறகு எபேசுக்குச் சென்றார்கள். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் பவுல் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார். எங்கே பார்த்தாலும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன. அரசாணை அவர்களை ஊரை விட்டு விரட்டியது. ஒருவரை விட்டு ஒருவரைப் பிரிக்கவில்லை.

தகுந்த காரணம் இருந்தாலன்றித் தம்பதியர் சேர்ந்து வாழ்வது அவர்களின் கடமையும் உரிமையும் ஆகும் என்று திருச்சபைச் சட்டம் (1151) கூறுகிறது. 1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம், வேலைக்காகப் புலம்பெயர்ந்தவர்கள் கூடிய விரைவில் தம் குடும்பத்தோடு ஒன்றுசேர உரிமை உடையவர்கள் என்கிறது. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தைப் புலம்பெயரும் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாகக் காட்டினார்.

அப்படியானால் நோயுற்ற தாயைப் பார்க்க வரவே கூடாதா? அப்படி அல்ல. பெற்றோரை மதிப்பதும் இறைவனின் கட்டளைதான். படுக்கையில் கிடக்கும் தகப்பனோடு ஏழு மாதங்கள் இருப்பதற்காக மூன்று ஆண்டுக் கணக்கை ஒருவர் விட்டுக்கொடுத்தால், அது அன்பின் செயல். ஆனால் அவர் தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். அவரைக் கேட்டுத்தான் அது நடக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. "நீ இரு, அவன் போகட்டும்" என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். மருமகளின் ஆண்டுகள் அவளைக் கேளாமலேயே செலவாகிவிடுகின்றன. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று நம் ஆண்டவர் கேட்கிறார் (லூக்கா 14:28). டிக்கெட் எடுக்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து விசா முடியும் தேதி, இதுவரை வெளியே இருந்த நாள்கள், இன்னும் எத்தனை நாள்கள் தங்கலாம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால் அந்நாட்டில் அதற்கென்று உரிமம் பெற்ற ஆலோசகரை மட்டும் கேட்க வேண்டும்.

சட்டம் கணவனுடைய ஆண்டுகளையும் மனைவியுடைய ஆண்டுகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. திருமணத்தில் ஒன்றாக்கப்பட்டவர்களோ இரண்டு கணக்கையும் தம் சொந்தக் கணக்காக எண்ண வேண்டும். துணைவரின் தேதியை நினைவில் வைத்திருப்பதும் அன்பு செய்வதே. கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களைப் பனிமய அன்னை தம் மேலாடையின் நிழலில் காத்தருள்வாராக.

அன்பியத்தில் சிந்திக்க:

1. நம் அன்பியத்தில் கணவன் ஓரிடமும் மனைவி ஓரிடமுமாக வாழும் குடும்பங்கள் எத்தனை? அவர்களை நாம் கடைசியாகச் சந்தித்தது எப்போது?

2. ஊரில் தங்குவதா, திரும்புவதா என்ற முடிவை நம் வீட்டில் யார் எடுக்கிறார்கள்? தங்கப்போகிறவரைக் கேட்கிறோமா?

3. நம் வீட்டுப் பிள்ளைகளின் ஞானஸ்நான ஏடு, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?